நாலு சீட்டில் எத்தனை பேர்?

திருவொற்றியூர் ஹை ரோட்டில் ஓடும் ஷேர் ஆட்டோவுக்கு சீட் கணக்கு கிடையாது. "கொஞ்சம் தள்ளி குந்துக்கா, இன்னும் ஒர்த்தர் வர்றாரு" என்று டிரைவர் சொன்னால் போதும், இல்லாத இடம் பிறந்துவிடும். வண்டி முனகும், வேகத்தடையில் அடி தட்டும், ஆனாலும் டோல்கேட்டில் ஏறியவர் பாரிமுனையில் இறங்கிவிடுவார். நாலு சீட் சிறு விமானத்தைப் பற்றி முதல்முறை விசாரிப்பவர்களும் ஏறக்குறைய இந்தக் கணக்கோடுதான் வருகிறார்கள்: நாலு சீட், நாலு பேர், ஆளுக்கு ஒரு பெட்டி, டேங்க் நிறைய பெட்ரோல், மதுரைக்கு ஒரு பறப்பு. இதெல்லாம் ஒரே நேரத்தில் நடக்கிற நாலு சீட் விமானங்களை ஒரு கை விரல்களுக்குள் எண்ணிவிடலாம்.

ஒவ்வொரு விமானத்திலும் ஏதோ ஒன்று முதலில் தீரும். சிலவற்றில் தூக்கும் எடை. சிலவற்றில் பெட்டி வைக்கும் தரையின் வரம்பு. சிலவற்றில் தோள் அகலம். இன்னும் சிலவற்றில், கதவுக்குள்ளேயே பெட்டி நுழையாது. விளம்பரத் தாளில் அகலம், உயரம், கன அடி என்று எல்லாம் அச்சாகியிருக்கும். எது முதலில் தீரும் என்பது மட்டும் இருக்காது. அதைக் கண்டுபிடிக்கத் தெரிந்தால் எந்த விமானத்தையும் எதனோடும் ஒப்பிடலாம்.

தோளும் முழங்காலும்

செஸ்னா 172-இன் கேபின் அகலம் சுமார் 39.5 அங்குலம், அதாவது கிட்டத்தட்ட 1 மீட்டர். நம் ஊர் பஜாஜ் ஆட்டோவின் வெளி அகலமே 1.3 மீட்டர். நன்றாக வளர்ந்த இரண்டு ஆண்களின் தோள்களை வரிசையாக வைத்தால் 1 மீட்டர் அப்படியே நிரம்பிவிடும். அதனால் 172-இல் முன்னால் உட்காரும் இருவரின் தோள்கள் உரசிக்கொண்டேதான் வரும். இதற்கு ஓர் எளிய வழி உண்டு. விமானியின் காலுக்கு பெடல் எட்ட வேண்டும், அவர் சீட்டை நகர்த்த முடியாது. பக்கத்து சீட்டை மட்டும் இரண்டு துளை பின்னால் தள்ளினால் தோள்கள் முன்பின்னாக விலகிக்கொள்ளும். அப்போது அவருக்குப் பின்னால் இருப்பவரின் முழங்கால் இடம் போய்விடும். ஆகவே நாலு பேரில் குள்ளமானவருக்கு வலது பின் சீட்.

துளை என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். செஸ்னாவின் முன் சீட் தண்டவாளத்தில் வரிசையாகத் துளைகள் இருக்கும். சீட்டின் அடியில் உள்ள ஊசி அதில் ஒன்றில் விழுந்து பூட்டிக்கொள்ளும். துளை தேய்ந்தால் ஊசி நழுவும். மேலேறும்போது சீட் சர்ரென்று பின்னால் போய், பிடித்திருந்த யோக்கையும் (விமானத்தின் ஸ்டீயரிங்) விமானி இழுத்துக்கொண்டே போன விபத்துகள் நடந்திருக்கின்றன. அதனால்தான் அமெரிக்க விமானப் போக்குவரத்துத் துறை 1987-இல் இந்தத் தண்டவாளங்களைக் குறிப்பிட்ட இடைவெளியில் பரிசோதிக்க வேண்டும் என்று கட்டாய உத்தரவு போட்டது. சீட்டை நகர்த்திய பிறகு உடம்பை முன்னும் பின்னும் ஆட்டி, பூட்டிக்கொண்டதா என்று பார்ப்பதற்கு இரண்டு விநாடி ஆகும்.

மற்ற விமானங்களின் அகலம்: பைப்பர் ஆர்ச்சர் சுமார் 41.5 அங்குலம், செஸ்னா 182 சுமார் 42, மூனி எம்20ஜே 43.5, டயமண்ட் டிஏ40 சுமார் 45, சிரஸ் எஸ்ஆர்22 49, பிரான்ஸ் நாட்டு சொகாட்டா டிபி20 சுமார் 50. இந்தப் பட்டியலைப் பார்த்ததும் பலருக்கு மூனி உறுத்தும். "மூனி நெருக்கடியான விமானம்" என்று காலங்காலமாகச் சொல்லி வருகிறார்கள், ஆனால் அது செஸ்னா 172-ஐவிட 4 அங்குலம் அகலம். நெருக்கம் அகலத்தில் இல்லை, உயரத்தில் இருக்கிறது. மூனியின் உள்ளுயரம் 44.5 அங்குலம், 172-இல் 48. அந்த மூன்றரை அங்குலத்துக்காக சீட்டைத் தரையோடு தரையாகத் தாழ்த்தியிருக்கிறார்கள். 172-இல் நாற்காலியில் உட்காருவதுபோல் உட்காரலாம். மூனியில் பாயில் கால் நீட்டி உட்காருவதுபோல். நீட்டிய கால் சிலருக்குச் சுகம், முட்டி வலிக்காரர்களுக்கு எழுந்திருப்பதே தண்டனை.

அகலத்தை எந்த இடத்தில் அளந்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். விற்பவர் எப்போதும் மிக அகலமான இடத்தில்தான் டேப்பை வைப்பார். செஸ்னாவின் சுவர்கள் ஏறக்குறைய நேராக நிற்பதால் முழங்கையில் கிடைக்கும் இடம் தோளிலும் கிடைக்கும். டிஏ40-இல் முழங்கை மட்டத்தில் தாராளம். மேலே போகப் போக கண்ணாடிக் கூரை உள்பக்கமாக வளைகிறது. இரண்டும் பின் சீட்டுக்குப் போனால் குறுகும். நேரில் பார்க்கப் போகிறவர் முன் தோள், பின் தோள், பின் சீட்டில் முழங்காலுக்கும் முன் சீட் முதுகுக்கும் இடையே உள்ள தூரம் ஆகிய மூன்றையும் கையில் டேப்போடு அளந்துகொள்வது நல்லது. கடைசி அளவை, முன் சீட்டை உயரமான ஒரு விமானிக்குத் தகுந்தபடி பின்னால் தள்ளி வைத்துவிட்டு எடுக்க வேண்டும். சீட் முன்னால் கிடக்கும்போது எல்லா விமானமும் விசாலம்தான்.

டிஏ40-இல் முன் சீட்டுகள் நகரவே நகராது. பெடலைத்தான் முன்னும் பின்னும் இழுத்துக்கொள்ள வேண்டும். இதில் ஒரு நன்மை: பின்னால் இருப்பவரின் முழங்கால் இடம் யார் ஓட்டினாலும் மாறாது. கட்டுப்பாட்டுக் கோல் விமானியின் இரு கால்களுக்கு நடுவே நிற்கிறது. பெரிய தொடையோ மடியில் பையோ இருந்தால் கோல் முழுசாகப் பின்னால் வராது. பக்கத்து சீட்டிலும் அதே கோல் இருக்கிறது. அங்கே உட்காருபவர் மடியில் ஹேண்ட்பேக் வைத்துக்கொள்ளக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

கதவு எந்தப் பக்கம்

ஏறுவதில் செஸ்னாவை அடித்துக்கொள்ள ஆளில்லை. இரண்டு பக்கமும் கதவு, மேலே இறக்கை. ஐப்பசி மழையில் நனையாமல் பெட்டி ஏற்றலாம், சித்திரை வெயிலில் அந்த நிழலிலேயே நிற்கலாம். புடவை கட்டியவரும் வேட்டி கட்டியவரும் சக்கரத் தண்டில் உள்ள படியில் ஒரு கால் வைத்தால் உள்ளே போய்விடலாம்.

ஆர்ச்சரில் ஒரே ஒரு கதவு, வலது பக்கம், இறக்கைக்கு மேலே. முதலில் பின் சீட்காரர்கள், அப்புறம் விமானி குறுக்கே நகர்ந்து இடது சீட்டுக்கு, கடைசியில் பக்கத்து சீட்காரர். இறங்கும்போது தலைகீழ் வரிசை. அவசரத்தில் எல்லோரும் அந்த ஒரே வாசலில்தான் வந்தாக வேண்டும் என்பதைக் கிளம்புமுன் பயணிகளுக்குச் சொல்லிவிட வேண்டும். இறக்கையில் கறுப்பாகச் சொரசொரப்பு ஒட்டிய பட்டையில் மட்டும் கால் வைக்க வேண்டும். ரப்பர் செருப்பும் பனி ஈரமும் சேர்ந்தால் அதுவும் வழுக்கும். ஃபிளாப்பை (இறக்கையின் பின்விளிம்பில் கீழே இறங்கும் பலகை) முழுசாக மேலே ஏற்றி வைத்தால் அது பூட்டிக்கொள்ளும், மிதித்து ஏறலாம். பாதி இறங்கியிருக்கும்போது மிதித்தால் தடாலென்று கீழே போகும், கூடவே மிதித்தவரும்.

டிஏ40-இல் முன் சீட்டுகளுக்கு மேலே ஒரே பெரிய கண்ணாடி மூடி, முன்னோக்கித் திறக்கும். பின் சீட்டுக்கு இடது பக்கம் தனிக் கதவு. பின்னால் ஏறுபவர் முன்னால் இருப்பவரைத் தொந்தரவு செய்ய வேண்டியதில்லை. ஆனால் மழை பெய்யும்போது மூடியைத் திறந்தால் சீட், ரேடியோ எல்லாம் குளித்துவிடும். சறுக்கி மூடும் கூரை உள்ள க்ரம்மன் டைகரிலும் இதே கதை. வெயிலில் நிறுத்தி வைத்த டிஏ40-இன் உள்ளே கை வைத்துப் பார்த்தால் தெரியும். வெள்ளைத் துணி உறை வாங்காமல் சென்னையில் இந்த விமானத்தை வெளியே நிறுத்துவது வீண் பிடிவாதம்.

லக்கேஜ் கதவு வேறு விஷயம். 172-இல் இடது பக்கம் உள்ள அந்தக் கதவின் அகலம் 15¼ அங்குலம், உயரம் முன்விளிம்பில் 22, பின்விளிம்பில் 21. சென்டிமீட்டரில் சுமார் 39 அகலம், 53 முதல் 56 உயரம். விமான நிறுவனங்கள் கேபினுக்குள் அனுமதிக்கும் 55×35×25 செ.மீ. டிராலி, தலை முன்னால் போனால் சுலபமாக நுழையும். நடுத்தர டிராலியைச் சாய்த்து நுழைக்கலாம். கல்யாணத்துக்கு எடுத்துப் போகும் பெரிய கெட்டி ஓட்டு சூட்கேஸ் கதவில் நுழைந்தாலும் உள்ளே திரும்ப இடமிருக்காது. துணிப் பைதான் ராஜா. பாண்டி பஜார் வரை போக வேண்டாம், எம்.சி. ரோட்டிலேயே கிடைக்கும் மெல்லிய டஃபுள் பை நாலு, ஒரு பெரிய சூட்கேஸைவிட இரண்டு மடங்கு பொருளை அதே இடத்தில் அடைக்கும். கூடவே எடையைப் பிரித்து முன்னும் பின்னும் வைக்கவும் வசதி.

மூனியின் லக்கேஜ் கதவு வலது பக்கம் உயரத்தில் இருக்கிறது. 20 கிலோ பையை நெஞ்சு மட்டத்துக்குத் தூக்கி, அங்கிருந்து குழிக்குள் இறக்க வேண்டும். ஆர்ச்சரில் வலது பக்கம், இறக்கைக்குச் சற்றுப் பின்னால், இடுப்பு உயரத்தில் தாராளமான கதவு. சிரஸில் இடது பக்கம்.

எடை என்ற முதலாளி

இடம் இருக்கிறது, கதவும் நுழைகிறது. இப்போது தராசு. விமானப் பெட்ரோல் லிட்டருக்கு 0.72 கிலோ. 100 லிட்டர் 72 கிலோ. அதாவது 100 லிட்டர் பெட்ரோல் என்பது ஒரு ஆள். இந்த ஒரு வரியை மனதில் வைத்தால் மீதிக் கணக்கு எல்லாம் ஷேர் ஆட்டோ கணக்கைவிடச் சுலபம்.

செஸ்னா 172எஸ்-இன் அதிகபட்ச புறப்பாட்டு எடை 2,550 பவுண்டு. உதாரணத்துக்கு வெற்று எடை 1,700 பவுண்டு உள்ள ஒரு விமானம். மிச்சம் 850 பவுண்டு, 386 கிலோ. டேங்கில் பயன்படுத்தக்கூடிய பெட்ரோல் 53 கேலன், 201 லிட்டர், 318 பவுண்டு. டேங்கை நிரப்பினால் ஆளுக்கும் பெட்டிக்கும் மிஞ்சுவது 532 பவுண்டு, அதாவது 241 கிலோ. 75 கிலோ வீதம் மூன்று பேர், 16 கிலோ பை. நாலாவது ஆள் ஓடுதளத்தில் நின்று டாட்டா காட்ட வேண்டியதுதான்.

நாலு பேரையும் ஏற்றியே ஆக வேண்டுமென்றால்? 300 கிலோ ஆட்கள், 40 கிலோ பைகள். பெட்ரோலுக்கு மிஞ்சுவது 100 பவுண்டு, சுமார் 63 லிட்டர். மணிக்கு 34 லிட்டர் குடிக்கும் எஞ்சின். தொடாமல் வைக்க வேண்டிய முக்கால் மணி நேர இருப்பைக் கழித்தால் கையில் ஒரு மணி நேரமும் சில்லறையும். புதுச்சேரி போகலாம், மதுரைக்கு நடுவில் எங்காவது இறங்கி பெட்ரோல் போட வேண்டும். ஆகவே 172-இல் முதலில் தீர்வது எடை. பின்னால் இடம் காலியாகவே கிடக்கும்.

ஆர்ச்சருக்கும் அதே 2,550 பவுண்டு வரம்பு, வெற்று எடையும் கிட்டத்தட்ட அதேதான். 1,690 என்று வைத்தால் மிச்சம் 860. டேங்க் 48 கேலன், 288 பவுண்டு. நிரப்பியபின் 572 பவுண்டு, 259 கிலோ. 172-ஐவிட 18 கிலோ அதிகம் தூக்குவதுபோல் தெரியும், ஆனால் அது டேங்க் சிறியது என்பதால் வந்த கணக்கு. பைப்பரில் ஒரு நல்ல ஏற்பாடு: பெட்ரோல் ஊற்றும் வாய்க்குள் ஒரு தகட்டு நாக்கு தொங்கும். பெட்ரோல் அந்த நாக்கின் அடியைத் தொட்டால் பக்கத்துக்கு 17 கேலன், மொத்தம் 34, சுமார் 129 லிட்டர். அளவுகோல் தேவையில்லை. நாக்கு வரை ஊற்றினால் 656 பவுண்டு மிஞ்சும், 298 கிலோ. கிட்டத்தட்ட நாலு பேர், பெட்டி இல்லாமல்.

செஸ்னா 182டி-யில்தான் நாலு சீட் என்ற சொல்லுக்குக் கொஞ்சம் மரியாதை கிடைக்கிறது. 3,100 பவுண்டு வரம்பு, 230 குதிரைத்திறன். வெற்று எடை 2,000 என்று வைத்தால் 1,100 பவுண்டு, 499 கிலோ தூக்கும். பயன்படும் 87 கேலனை முழுக்க ஊற்றினால் ஆட்களுக்கு 262 கிலோ, இங்கும் மூன்றரை பேர்தான். பாதி டேங்கோடு புறப்பட்டால் நாலு பேரும் 80 கிலோ பெட்டியும், மூன்று மணி நேரத்துக்கு மேல் பெட்ரோலும். பெரிய டேங்க் என்பது நிரப்பியே ஆக வேண்டும் என்ற உத்தரவு இல்லை. ஆளைக் குறைத்தால் தூரம், தூரத்தைக் குறைத்தால் ஆள் என்று மாற்றிக்கொள்ளும் உரிமை அது. இதைப் புரிந்துகொள்ளாமல் "டேங்க் நிரப்பினால் எத்தனை பேர்" என்ற ஒரே கேள்வியால் விமானங்களை ஒப்பிடுவது, பெரிய டேங்க் வைத்ததற்காக 182-ஐத் தண்டிப்பதுபோல் ஆகிவிடும். ஒரே தூரத்தை வைத்து ஒப்பிடுங்கள்: மீனம்பாக்கத்தில் இருந்து மதுரை, முக்கால் மணி இருப்பு. அதற்கான பெட்ரோலை மட்டும் கழித்துவிட்டு எத்தனை கிலோ மிஞ்சுகிறது என்று பார்த்தால்தான் நியாயமான போட்டி.

182டி-யில் ஒரு கண்ணி இருக்கிறது. புறப்பட 3,100 பவுண்டு, ஆனால் இறங்க 2,950. வித்தியாசம் 150 பவுண்டு, அதாவது 25 கேலன், சுமார் 95 லிட்டர். முழு எடையோடு புறப்பட்டு அரை மணியில் புதுச்சேரியில் இறங்க நினைத்தால் எடை இன்னும் வரம்புக்கு மேலேயே இருக்கும். குறுகிய பயணத்துக்கு உண்மையான வரம்பு இறங்கும் எடைதான்.

சிரஸ் எஸ்ஆர்22 புதிய மாடல்களின் வரம்பு 3,600 பவுண்டு. ஏசி முதலானவை ஏற்றிய ஒன்றின் வெற்று எடையை 2,320 என்று வைத்தால், 92 கேலனை நிரப்பிய பிறகும் 728 பவுண்டு, 330 கிலோ மிஞ்சும். நாலு பேர், 30 கிலோ பை, டேங்க் நிறைய பெட்ரோல். ஆரம்பத்தில் கேட்ட ஆசைக்கு மிகக் கிட்டே வருவது இது. இதன் விலையில் 172 எத்தனை வாங்கலாம் என்ற பேச்சை இங்கே எடுக்காமல் இருப்பது நல்லது.

மூட்டை எங்கே உட்காருகிறது

172-இல் லக்கேஜ் வரம்பு 120 பவுண்டு, 54 கிலோ. இரண்டு 25 கிலோ அரிசி மூட்டையும் ஒரு சின்னப் பையும். அந்த இடமும் இரண்டு பகுதி: பின் சீட்டை ஒட்டியது முதல் பகுதி, அதற்கும் பின்னால் வால் பக்கம் போவது இரண்டாம் பகுதி. இரண்டாவதில் 50 பவுண்டுக்கு மேல் கூடாது, இரண்டும் சேர்ந்து 120-ஐத் தாண்டக் கூடாது. "முதல் பகுதிக்கு 120, இரண்டாவதுக்கு 50, ஆக மொத்தம் 170" என்று கூட்டுவது அடிக்கடி நடக்கும் தவறு.

இந்த வரம்புக்குக் காரணம் ஒன்றல்ல. தரைத் தகடும் கட்டும் வளையங்களும் தாங்கும் அளவு ஒன்று. குலுங்கலில் 20 கிலோ பை சில கணங்களுக்கு அதன் பல மடங்கு எடையோடு இழுக்கும். அடுத்தது தராசு முள். காசிமேட்டில் ஃபைபர் படகில் வலையையும் ஐஸ் பெட்டியையும் எங்கே குவித்தால் மூக்கு தூக்கும், எங்கே குவித்தால் அலையில் குத்தும் என்று பார்த்துப் பார்த்து வைப்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. அவர்கள் கண்ணால் பார்ப்பதை விமானத்தில் காகிதத்தில் போடுகிறோம், அவ்வளவுதான்.

172எஸ் கையேட்டில், விமானத்தின் முன்பக்கம் உள்ள ஒரு குறிப்புப் புள்ளியில் இருந்து ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு தூரம் இருக்கும், அங்குலத்தில்: முன் சீட் 37, பின் சீட் 73, பெட்ரோல் 48, லக்கேஜ் முதல் பகுதி 95, இரண்டாம் பகுதி 123. எடையை அந்தத் தூரத்தால் பெருக்கிக் கூட்டி, மொத்த எடையால் வகுத்தால் எடை மையம். முழு எடையில் அது 41.0-க்கும் 47.3-க்கும் நடுவே இருக்க வேண்டும். மேலே சொன்ன நாலு பேர் பயணத்தைப் போட்டுப் பாருங்கள். வெற்று விமானம் 1,700 பவுண்டு, அதன் மையம் 40.5 என்று வைத்தால் 68,850. முன்னால் 331 பவுண்டு, 12,247. பின்னால் 331, 24,163. முதல் பகுதியில் பை 88 பவுண்டு, 8,360. பெட்ரோல் 100 பவுண்டு, 4,800. கூட்டுத்தொகை 1,18,420, 2,550-ஆல் வகுத்தால் 46.4. வரம்புக்குள்தான், ஆனால் பின்பக்க விளிம்புக்கு ஒரு அங்குலம்கூட மிச்சமில்லை. அதே பைகளில் 50 பவுண்டை இரண்டாம் பகுதிக்குத் தள்ளினால் கிட்டத்தட்ட 47.0. பின் சீட்டில் இருவரும் கொஞ்சம் பருமனாக இருந்தால் எல்லை தாண்டிவிடும். பருமனானவரை முன்னுக்கு மாற்றுவது செலவில்லாத வைத்தியம்: முன் சீட்டுக்கும் பின் சீட்டுக்கும் 36 அங்குலம் வித்தியாசம், 30 பவுண்டு வித்தியாசமுள்ள இருவர் இடம் மாறினால் மையம் 0.4 அங்குலம் முன்னால் வரும்.

மையம் அதிகம் பின்னால் போனால் விமானம் மூக்கைத் தூக்கத் தயாராக நிற்கும். வேகம் விழுந்து ஸ்டால் ஆனால், அதாவது இறக்கை தூக்கும் சக்தியை இழந்தால், மீட்பது கடினம். முன்னால் அதிகம் போனால் இறங்கும்போது மூக்கு எழும்பாது. 182 இந்த இரண்டாம் வியாதிக்குப் பேர்போனது. கனமான எஞ்சின், முன்னால் இருவர், பின்னால் காலி. கடைசி நேரத்தில் யோக்கை வயிறு வரை இழுத்தாலும் மூக்குச் சக்கரம் முதலில் இடிக்கும். அந்த இடி எஞ்சினுக்குப் பின்னால் உள்ள தகட்டுச் சுவரை நெளித்துவிடும். பழைய 182 வாங்கப் போகிறவர்கள் முதலில் குனிந்து பார்க்க வேண்டிய இடம் அது. இருவர் மட்டும் போகும்போது லக்கேஜ் பகுதியில் 20 லிட்டர் தண்ணீர் கேன் ஒன்றை வலைபோட்டுக் கட்டினால் போதும். சென்னையில் கேனுக்குப் பஞ்சமில்லை, இறங்கியதும் குடிக்கலாம்.

பெட்ரோல் எரிய எரிய மையம் நகர்கிறதா என்பதும் விமானத்துக்கு விமானம் மாறும். 172-இல் டேங்க் 48-இல், மையம் 46-ஐ ஒட்டி. அதனால் நகர்வு கணக்கில் வராது. பீச்கிராஃப்ட் பொனான்சாவில் டேங்குகள் இறக்கையின் முன்விளிம்பில் இருப்பதால் பெட்ரோல் தீரத் தீர மையம் பின்னால் போகும். புறப்படும்போது சரியாக இருந்தது இறங்கும்போது எல்லைக்கு வெளியே. பொனான்சாவுக்கு எப்போதும் இரண்டு கணக்கு, ஒன்று நிறைந்த டேங்குக்கு, ஒன்று காலி டேங்குக்கு.

ஆர்ச்சரின் லக்கேஜ் வரம்பு 200 பவுண்டு, 91 கிலோ. கொள்ளளவு 24 கன அடி, சுமார் 680 லிட்டர். 182-க்கும் 200 பவுண்டுதான். ஆர்ச்சரைப் பார்த்தவுடன் மனம் மயங்குவது இங்கேதான். மூன்றரை அரிசி மூட்டை போடலாம் என்று கையேடு சொல்கிறது. ஆனால் நாலு பேர் ஏறிய பிறகு எடை வரம்பில் அதில் கால்வாசிகூட மிஞ்சாது. 91 கிலோ என்பது இருவர் மட்டும் போகும்போது பயன்படும் எண். ஆர்ச்சரின் மூத்த அண்ணன்களான, முதலில் வந்த செரோகிகளில் பின் சீட்காரருக்கு முழங்கால் இடம் பரிதாபம். 1973-இல் உடலை 5 அங்குலம் நீட்டிய பிறகுதான் மனிதர் உட்காரலாம் என்றானது. பழைய பிஏ-28 (செரோகி, ஆர்ச்சர் குடும்பத்தின் மாடல் எண்) விலை மலிவாக வந்தால் நீட்டுவதற்கு முன்னதா பின்னதா என்று முதலில் கேளுங்கள்.

டிஏ40-இல் இது நேர்மாறு. சாதாரண அமைப்பில் லக்கேஜ் வரம்பு 30 கிலோ மட்டும். நிரம்பிய ஒரு சமையல் வாயு சிலிண்டரின் எடை. (சிலிண்டரை ஏற்றச் சொல்லவில்லை.) நீட்டிப்பு வசதி வாங்கியிருந்தால் 45 கிலோ. ஆட்களுக்கு நல்ல இடம், பெட்டிக்குக் கஞ்சத்தனம். எடை மிச்சமிருக்கும்போதே லக்கேஜ் தரை தீர்ந்துவிடும் விமானம் இது. இருவர் போனால் பின் சீட் முதுகை மடக்கி நீளமான சாமான் ஏற்றலாம். ரேபரேலி அருகே ஃபர்சத்கஞ்சில் உள்ள இந்திரா காந்தி ராஷ்ட்ரிய உடான் அகாடமியில் முன்பு டிபி20, பிறகு டிஏ40 என்று பறக்கிறார்கள். பயிற்சிக்கு லக்கேஜ் ஒரு பொருட்டில்லை, அங்கே அது பொருத்தம். பயிற்சி பற்றிப் பேசும்போது இன்னொன்று: 172-ஐ ஸ்பின் (மூக்கு கவிழ்ந்து சுழன்று இறங்குவது) போன்றவை பழக அனுமதிக்கும் யுடிலிட்டி பிரிவில் பறக்கவிட்டால் பின் சீட்டும் லக்கேஜ் பகுதியும் காலியாக இருக்க வேண்டும். முந்தைய பறப்பின் பை பின்னால் கிடக்க ஸ்பின் பழகப் போவது தற்கொலைக்குச் சமம்.

சிரஸில் லக்கேஜ் வரம்பு 130 பவுண்டு, 59 கிலோ, இடம் 32 கன அடி. அதன் பின்சுவருக்கு அப்பால் விமானத்தையே இறக்கும் பாராசூட் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது, அதற்கு மேல் நீட்ட வழியில்லை. பின் சீட்டைப் பகுதியாக மடக்கலாம் என்பதால் மூன்று பேரோடு நீளமான சாமானும் போகும். மூனிக்கு 120 பவுண்டும், அதற்குப் பின்னால் உள்ள தொப்பித் தட்டுக்கு 10 பவுண்டும். தொப்பித் தட்டு என்றால் நிஜமாகவே தொப்பிதான். கையில் கிடைத்த கருவிப் பெட்டியை அங்கே தூக்கிப் போடுகிறவர்கள் உண்டு.

எதை ஏற்றக் கூடாது, எப்படிக் கட்டுவது

வட சென்னையில் இருந்து கிளம்பும் பையில் கருவாடும் மீனும் இருக்க வாய்ப்பு அதிகம். ஐஸ் பெட்டியில் மீன் ஏற்றுவதில் எடையைவிடப் பெரிய ஆபத்து உருகிய உப்புத்தண்ணீர். அது கம்பளத்தின் அடியில் இறங்கி அலுமினியத் தரைக்கும் கட்டுப்பாட்டுக் கம்பிகளுக்கும் போகும். ஆறு மாதம் கழித்து வெள்ளைப் பொடியாக அரிப்பு தெரியும்போது எதனால் என்று யாருக்கும் நினைவிருக்காது. எண்ணூர் காற்று தகரத்தை என்ன செய்யும் என்று தெரிந்தவர்கள் இதை லேசாக எடுக்க மாட்டார்கள். இரட்டைப் பிளாஸ்டிக் உறை, அடியில் விளிம்புள்ள தட்டு, இறங்கியதும் கம்பளத்தைத் தூக்கித் துடைப்பது. கண்ணாடி இழையால் ஆன டிஏ40-இலும் சிரஸிலும் அரிப்பு பயம் குறைவு, நாற்றம் குறையாது.

இந்த விமானங்களின் கேபினில் அழுத்தம் கட்டுப்படுத்தப்படுவதில்லை. 8,000 அடியில் சிப்ஸ் பாக்கெட் பலூனாக உப்பும். இறுக்கமில்லாத ஊறுகாய் ஜாடி எண்ணெய் கக்கும். பவர் பேங்க் லக்கேஜில் போகக் கூடாது, கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும்.

கனமான சாமானுக்குச் சின்னக் கால்கள் இருந்தால் எடை சரியாக இருந்தும் தரை நெளியும். 172-இன் தரை தாங்கும் அளவு சதுர அடிக்கு 200 பவுண்டு. நாலு ரப்பர் கால் உள்ள மாவு கிரைண்டரை அப்படியே வைத்தால் முழு எடையும் நாலு ஒரு ரூபாய் நாணயங்களின் அகலத்தில் இறங்கும். அடியில் ஒரு பிளைவுட் பலகை போடுங்கள். அதன்மேல் வலை, 172எஸ்-இன் லக்கேஜ் வலையில் ஆறு கட்டுப் பட்டைகள் உண்டு, ஆறையும் மாட்ட வேண்டும். கட்டாத பை ஒரு குலுங்கலில் பின் சீட்காரரின் பிடரியில் வந்து மோதும்.

ஆட்களின் எடையைக் கேட்டு எழுதாதீர்கள். யாரும் உண்மை சொல்வதில்லை, சொல்கிறவர்களும் கல்யாணத்துக்கு முந்தைய எடையைச் சொல்வார்கள். குளியலறைத் தராசு ஒன்றைக் கொண்டுபோய் பையையும் தோளில் மாட்டச் சொல்லி நிறுத்துங்கள். பைகளுக்குத் தொங்கு தராசு. வெற்று எடைக்கு விளம்பரத் தாளைப் பார்க்கக் கூடாது. அந்தக் குறிப்பிட்ட விமானத்தின் எடைச் சான்றிதழில் உள்ள எண்தான் செல்லும். புது ரேடியோ, புது பெயிண்ட், சீட் உறை மாற்றம் என்று ஒவ்வொன்றும் அதை நகர்த்தியிருக்கும்.

பிறகு வெயில். மே மாத மத்தியானம் 40 டிகிரியில் கடல் மட்டத்தில் உள்ள சென்னைக் காற்று சுமார் 3,000 அடி உயரத்துக் காற்றுபோல நடந்துகொள்ளும். 172எஸ் முழு எடையில் 20 டிகிரியில் 995 அடி ஓடி எழும்பும். 40 டிகிரியில் 1,150 அடி. 50 அடி உயரத் தடையைத் தாண்ட 1,690 அடி போதுமாயிருந்தது 1,945 அடியாகும். மீனம்பாக்கத்தின் நீண்ட ஓடுதளத்தில் இது உறைக்காது. சோழவரத்தில் இரண்டாம் உலகப் போர்க்கால ஓடுதளம் ஒன்று இருந்தது, பிறகு அது மோட்டார் பந்தயத்துக்குப் பேர்பெற்றது. அதுபோன்ற சின்ன ஓடுதளம் ஒன்றில் போய் இறங்கிவிட்டு மத்தியானம் அங்கிருந்து கிளம்பும்போதுதான் நாலாவது ஆளின் எடை தெரியும். அப்படிப்பட்ட இடத்துக்கு நாலு பேர் போனால் காலை ஏழு மணிக்கு முன் புறப்படத் திட்டமிடுங்கள், அல்லது இரண்டு தடவையாகக் கொண்டுபோய்ச் சேருங்கள்.

ஏற்றும் வரிசையும் முக்கியம். லக்கேஜை முதலில் போட்டு, பின் சீட்டில் இருவரை உட்காரவைத்து, முன்னால் யாரும் இல்லாமல் விட்டால் மூன்று சக்கர விமானம் மெல்ல மூக்கைத் தூக்கி வாலில் உட்கார்ந்துவிடும். வால் வளையம் கான்கிரீட்டில் உரசும் சத்தம் எல்லோருக்கும் கேட்கும். இரண்டு கதவு உள்ள செஸ்னாவில் முன்னால் ஒருவரை உட்காரவைத்த பிறகுதான் பின்னால் ஏற்ற வேண்டும். ஆர்ச்சரில் பின் சீட்காரர்கள் முதலில் ஏறியே ஆக வேண்டும் என்பதால், அங்கே பெட்டிகள் கடைசி: எல்லோரும் உட்கார்ந்தபின் வெளிக்கதவு வழியாக ஒருவர் ஏற்றிக் கட்டிவிட்டு, தாழ்ப்பாளை இழுத்துப் பார்க்க வேண்டும்.